நிமிர்ந்து பார்க்காமல் விட்ட விதானம்

2013 இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் சர்ரேயில், கில்ட்ஃபோர்டுக்குக் கிழக்கே உள்ள கிளாண்டன் பார்க் மாளிகைக்குப் போனோம். பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. பழைய மாளிகைகளைப் பராமரித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தோம்; கட்டிய பணத்துக்கு நாலு இடமாவது பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கு; அன்றைக்கு மழை வேறு. வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு நுழைந்தால் முதலில் வருவது பளிங்குக் கூடம். இங்கிலாந்தின் பதினெட்டாம் நூற்றாண்டு உள்ளறைகளில் ஆகச் சிறந்தவற்றுள் அதுவும் ஒன்று என்பார்கள். நான் அதில் நான்கு நிமிடம் நின்றிருப்பேன். மற்ற அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அடித்தளத்தில் இருந்த உணவகத்தில் தேநீர் குடித்தோம். அந்தத் தேநீரின் சூடும், நனைந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டதும், மேசை ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்ததும் இப்போதும் நினைவிருக்கின்றன. கூடத்தின் விதானம் நினைவில் இல்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்த வீடு எரிந்துபோனது. மறுநாளிலிருந்தே நான் அந்த விதானத்துக்காகத் துக்கம் காக்கத் தொடங்கிவிட்டேன். அலுவலகத்தில் பேச்சு வந்தபோதெல்லாம் “நான் அதை நேரில் பார்த்திருக்கிறேன்” என்றேன். பழைய புகைப்படங்களைத் தேடித் தேடிப் பார்த்து, சுதைச் சிற்பங்களின் பெயர்களையெல்லாம் தெரிந்துகொண்டேன். ஒருவர் உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, இறந்தபின் அவர் வீட்டுத் திண்ணையில் முதல் ஆளாக உட்கார்ந்து அழுவதைப் போன்ற செயல் இது என்று உள்ளுக்குள் தெரிந்தேதான் இருந்தது. அந்தக் குறுகுறுப்பு பத்தாண்டுகளாக அடங்கவில்லை. அந்த மாளிகையைப் பழையபடி கட்டுவதா வேண்டாமா என்ற விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று என்னால் முடிவு செய்ய முடியாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று இப்போது படுகிறது.

செங்கல் பெட்டிக்குள் வெண்மை

வெளியிலிருந்து பார்த்தால் கிளாண்டன் அழகான வீடு இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. கட்டடக்கலை தெரிந்தவர்களே அதன் வெளித்தோற்றத்தைப் பற்றித் தயங்கித்தான் பேசுவார்கள். புல்வெளி நடுவே சிவப்புச் செங்கல்லால் ஆன பெரிய கனசெவ்வகம். ஒவ்வொரு முகப்பும் ஒவ்வொரு மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்டிகள் வந்து நிற்பதற்காக முன்பக்கம் ஒட்டவைத்த முகமண்டபம் ஒன்று அதன் முகத்தை மேலும் கெடுத்திருந்தது. 1730-களில் இதை வடிவமைத்த ஜாக்கமோ லியோனி வெனிஸிலிருந்து வந்தவர். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் நூலை ஆங்கிலத்தில் முதன்முதலாக முழுமையாகப் பதிப்பித்தவர். இத்தாலிய வில்லா ஒன்றை இங்கிலாந்தின் ஈரத்துக்குள் கொண்டுவந்து இறக்கிய கட்டடம் என்று கிளாண்டனைச் சொல்லலாம்.

கதவைத் திறந்தவுடன் வேறு உலகம். ஏறத்தாழ 40 அடி நீளம், 40 அடி அகலம், இரண்டு மாடி உயரம் கொண்ட அந்தக் கூடத்தில் வெண்மையைத் தவிர வேறு நிறம் இல்லை என்றே தோன்றும். எதிரெதிரே இரண்டு கணப்புகள். அவற்றின் மேல் மைக்கேல் ரைஸ்பிராக் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் ரோமானியரின் மதுக் கடவுள் பாக்கஸுக்கும் மற்றொன்றில் வேட்டைத் தெய்வம் டயானாவுக்கும் பலி கொடுக்கிறார்கள். இவற்றுக்கு மேலே விதானம். இன்றைய சுவிட்சர்லாந்தின் டிச்சினோ பகுதியிலிருந்து வந்த சுதைக் கலைஞர்களில் புகழ்பெற்றவரான ஜுசெப்பே ஆர்தாரியின் கைவண்ணம் அது என்பார்கள். மூலையில் அமர்ந்திருக்கும் உருவங்கள் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. கொடுங்கையைத் தாண்டிக் கால்களைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டிருக்கும். நாலுகால் சாரத்தின் மேல் நின்று, அண்ணாந்து, சுண்ணாம்பும் மணலும் விலங்கு மயிரும் கலந்த சாந்து இறுகிப்போவதற்குள் கையாலேயே உருட்டித் திரட்டி உருவாக்கிய கால்கள். அச்சில் வார்த்து ஒட்டியவை அல்ல என்பதால் ஒரு கால் மற்றொரு காலைப் போல இருக்காது. இதையெல்லாம் நான் எரிந்த பிறகுதான் படித்தேன் என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அப்போதுதான் படித்தேன். நாடாளுமன்றக் கீழவைக்கு மூன்று சபாநாயகர்களைத் தந்த ஆன்ஸ்லோ குடும்பத்தின் வீடு இது. லியோனியை அமர்த்திய இரண்டாம் ஆன்ஸ்லோ பிரபு தாமஸ், எலிசபெத் நைட் என்ற செல்வப் பெண்ணை மணந்தவர். அவருடைய சொத்து ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டங்களிலிருந்து வந்தது. இந்த நாட்டின் பல மாளிகைகளுக்கு இப்படி ஒரு பின்கட்டு உண்டு. அதைத் தெரிந்துகொண்டதால் வெண்மையின் அழகு குறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் விலை தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 29

2015 ஏப்ரல் 29, புதன்கிழமை, மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின். அடித்தளத்து அலமாரி ஒன்றில் இருந்த மின்விநியோகப் பலகையில் கோளாறு. உற்பத்தியிலேயே இருந்த குறை என்று பின்னர் வந்த தீயணைப்புத் துறை அறிக்கை கூறியது. தீ அங்கேயே அடங்கியிருக்கலாம். ஆனால் இத்தகைய வீடுகள் வெளியில் செங்கல்லும் கல்லுமாகத் தெரிந்தாலும் உள்ளே மரக்கூடுகள். சுவருக்கும் பலகைத் தடுப்புக்கும் இடையே வெற்றிடம், தளத்துக்கும் விதானத்துக்கும் இடையே வெற்றிடம், பிற்காலத்தில் பொருத்திய மின்தூக்கிக்கான குழாய். தீ அந்த வழிகளில் ஏறிக் கூரையைப் பிடித்துக்கொண்டது. கூரை விழுந்தபோது தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் சில நூறு பொருட்களைத் தூக்கி வந்து புல்வெளியில் அடுக்கினார்கள். உள்ளே இருந்த சர்ரே படைப்பிரிவு அருங்காட்சியகம் முழுவதும் போயிற்று. 1916-இல் சோம் போர்க்களத்தில் எதிரியின் பதுங்குகுழியை நோக்கி வீரர்கள் உதைத்துக்கொண்டு ஓடிய கால்பந்துகளில் ஒன்று அதில் இருந்தது. விடிந்தபோது நான்கு சுவர்கள் நின்றன. சபாநாயகர்களின் வரவேற்பறை என்று அழைக்கப்பட்ட ஒரே ஓர் அறை ஏறக்குறைய முழுதாகத் தப்பியிருந்தது. ரைஸ்பிராக்கின் பளிங்கும் இடிபாடுகளுக்கு நடுவே நின்றது. கல்லுக்குப் போட்டியாகச் செய்த சுண்ணாம்பு மட்டும் இல்லை.

முந்தைய நாளின் வீடு

என் துக்கத்துக்கு ஆறுதல் தேடி அடுத்த ஆண்டு மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க் மாளிகைக்குப் போனேன். கிளாண்டன் எரிந்தபோது எல்லோரும் உச்சரித்த பெயர் அதுதான். 1690 வாக்கில் கட்டப்பட்டு, 1747-இல் ஃபெதர்ஸ்டன்ஹா குடும்பம் வாங்கிய வீடு. 1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரைப் பழுதுபார்ப்பு முடியவிருந்த தறுவாயில், ஈயத் தகட்டைப் பற்றவைத்த தொழிலாளி ஒருவரின் சுடரிலிருந்து தீப்பிடித்தது. தரைத்தளத்துப் பொருட்களைப் பெரும்பாலும் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மேல்மாடியும் கூரையும் போயின. நேஷனல் டிரஸ்ட் அதைத் திரும்பக் கட்டியது. காப்பீட்டின் அடிப்படை, தீக்கு முந்தைய நாள் வீடு எப்படி இருந்ததோ அப்படியே மீட்பது. ஆகவே 1690-இன் வீட்டை அவர்கள் கட்டவில்லை. 1747-இன் வீட்டையும் கட்டவில்லை. 1989 ஆகஸ்ட் 29-இன் வீட்டைக் கட்டினார்கள். வெளிறிய இடத்தில் வெளிறல், மங்கிய இடத்தில் மங்கல். இடிபாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான தொட்டிகளில் அள்ளி, சலித்து, கிடைத்த மரச்செதுக்குத் துண்டையும் சுதைத் துண்டையும் எண் போட்டு வைத்து, பழையதை இடத்தில் பொருத்தி, இடைவெளியைப் புதியதால் நிரப்பி, புதியதன் நிறத்தைப் பழையதன் முதுமைக்கு இறக்கினார்கள். 1995-இல் கதவு திறந்தது. ஏறத்தாழ 20 மில்லியன் பவுண்டு செலவு.

அங்கே ஓர் அறையில் முதிய தன்னார்வலர் அம்மையார் ஒருவர் நின்றிருந்தார். விதானத்தைக் காட்டி, எது பழையது, எது புதியது என்று கேட்டேன். இரண்டு மூலைகளைக் காட்டினார். பிறகு சற்று யோசித்து, “இல்லை, அது வேறு அறையோ என்னவோ, எனக்கே இப்போது மறந்துபோகிறது” என்று சிரித்தார். அன்றைக்கு அதை ஒரு வெற்றிச் செய்தியாக எடுத்துக்கொண்டேன். காவலிருப்பவருக்கே வேறுபாடு தெரியவில்லை என்றால் வீடு முழுமையாகத் திரும்பிவிட்டது என்றுதானே பொருள்? அதே வீட்டில் பதினெட்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பொம்மை வீடு ஒன்று இருக்கிறது. தீயிலிருந்து அதையும் காப்பாற்றிவிட்டார்கள். பெரிய வீடு எரிய, அதற்குள் இருந்த சின்ன வீடு ஒரு கீறலும் தெரியாமல் நின்றுகொண்டிருப்பதை வெகுநேரம் பார்த்தேன். அறைகளும் சாமான்களும் அச்சாக அப்படியே. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்த அம்மையாரின் சிரிப்பு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது. மறந்துபோகும் அளவுக்கு ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால், அங்கே நடந்த தீயும் கணக்கிலிருந்து போய்விடுகிறது அல்லவா?

சட்டம் எதைக் காக்கிறது

பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று இங்கிலாந்தில் அரசு வைத்திருக்கும் பட்டியலில் கிளாண்டன் முதல் தரக் கட்டடம். இங்கிலாந்தின் பட்டியலில் இருக்கும் ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகளில் முதல் தரம் பெற்றவை சுமார் 2.5 விழுக்காடு மட்டுமே. அதற்குக் கீழே நட்சத்திரக் குறியிட்ட இரண்டாம் தரம். அதற்கும் கீழே, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அடங்கிய சாதாரண இரண்டாம் தரம். இந்த முறை 1940-களின் நகர ஊரமைப்புச் சட்டங்களிலிருந்து வருவது. ஆனாலும் அது மாளிகைகளை உடனே காப்பாற்றிவிடவில்லை. 1955-இல் ஐந்து நாளைக்கு ஒரு மாளிகை வீதம் இடிக்கப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே சம்மதம் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. இடிந்துபோன வீடுகளின் படங்களை அடுக்கி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1974-இல் ஒரு கண்காட்சி நடத்தியபோதுதான் பொதுமக்களுக்கு அதன் அளவு உறைத்தது.

முதல் தரம் என்றால் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சட்டம் சொல்வது வேறு. இடிக்கவோ, அதன் தனித்தன்மை பாதிக்கும்படி மாற்றவோ நினைத்தால் சம்மதம் கேள் என்கிறது. உள்ளறைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. சுவரோடு சேர்ந்த கணப்பு கட்டடம், அதன் முன்னே கிடக்கும் நாற்காலி கட்டடம் அல்ல. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதற்கே பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன. வார்விக்ஷயரில் இட்லிகோட் மாளிகைத் தோட்டத்தில் சுண்ணாம்புக்கல் தூண்களின் மேல் இருந்த இரண்டு ஈயச் சாடிகளை அவை பட்டியலில் இருப்பது தெரியாமல் உரிமையாளர் விற்றுவிட, அந்தச் சாடிகள் முதலில் ‘கட்டடம்’தானா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், அதை ஆராய்ந்துதான் ஆக வேண்டும் என்று 2020-இல் தீர்ப்பானது. ஒரு சாடியைப் பற்றி இத்தனை நுணுக்கமாக யோசிக்கும் சட்டம், எரிந்துபோன விதானத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எரிந்ததைத் திரும்பக் கட்டு என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நிற்பதைப் பேணச் சொல்லலாம், அவ்வளவுதான். இல்லாததைக் காக்க முடியாது.

எரிந்த பிறகும் கிளாண்டன் முதல் தரப் பட்டியலிலேயே நீடித்தது. முதலில் எனக்கு இது அபத்தமாகப் பட்டது. புகழெல்லாம் உள்ளே இருந்த வீடு, உள்ளே ஒன்றும் இல்லாமல் அதே தரத்தில் எப்படி? ஆனால் முன்னுதாரணங்கள் இருக்கின்றன. நார்தம்பர்லாந்தில் கட்டடக்கலைஞர் வான்புரோ கட்டிய சீட்டன் டெலவல் மாளிகையின் நடுக்கட்டு 1822-இல் எரிந்தது. இன்றுவரை உள்ளே வெற்றுக்கூடுதான், அதுவும் முதல் தரம். வூஸ்டர்ஷயரின் விட்லி கோர்ட் 1937-இல் எரிந்தது. கூரையில்லாத அந்தச் சுவர்களைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. யாரும் அவற்றைத் திரும்பக் கட்டச் சொல்வதில்லை. பழைய தீ காட்சியாகிவிடுகிறது. புதிய தீ மட்டும்தான் ஏன் இன்னும் கட்டவில்லை என்று கேட்க வைக்கிறது.

சாரத்தின் மேல்

2016 தொடக்கத்தில் நேஷனல் டிரஸ்ட் தன் முடிவை அறிவித்தது: முதன்மைத் தளத்தின் சிறந்த அறைகளைப் பழையபடி மீட்பது, மேல்தளங்களைப் புதிய பயன்பாட்டுக்கு மாற்றுவது. மறு ஆண்டு வடிவமைப்புப் போட்டி நடத்தி அல்லீஸ் அண்டு மாரிசன் என்ற கட்டடக்கலை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு முழுத் திருப்தி. அந்த நம்பிக்கையோடுதான், எரிந்த வீட்டுக்குள் பார்வையாளர்களை அழைத்துச் சென்ற காலத்தில், தலைக்கவசம் அணிந்துகொண்டு உள்ளே போனேன்.

கதவிருந்த இடத்தில் நுழைந்தவுடன் பழக்கமில்லாத ஒரு காரியம் செய்தேன்; அண்ணாந்து பார்த்தேன். மேலே இரும்புக் குழாய்ச் சாரமும், அதன் மேல் மழைக்காகப் போட்ட தற்காலிகக் கூரையும். ஐந்து ஆண்டுக்கு முன்பு பார்த்திருக்க வேண்டிய உயரத்தில் வெறும் காற்று. கண்ணைக் கீழே இறக்கினால் சுவர்கள். அப்போதுதான் அந்த வீட்டை முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வெண்மை உரிந்துபோன சுவர் முழுக்கச் செங்கல். பளிங்குபோல் தோன்றியதெல்லாம் செங்கல்லின் மேல் அறைந்த மரச்சட்டங்களிலும் ரீப்பர்களிலும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தோல் என்பது கண்முன்னே தெரிந்தது. சட்டங்கள் எரிந்து, அவை செருகியிருந்த குழிகள் மட்டும் வரிசையாக. எந்தச் சன்னலை எப்போது அடைத்தார்கள், எந்த வாசலை எங்கே நகர்த்தினார்கள், கணக்குத் தவறி எங்கே செங்கல்லை வெட்டிப் பொருத்தினார்கள் என்பதையெல்லாம் சுவரே சொல்லிக்கொண்டிருந்தது. லியோனி கண்ணுக்கு மறைத்தவை இவை. மூன்று நூற்றாண்டாக யாரும் பார்க்காத கொத்தனின் வேலை. விதானத்துக்குப் பெயர் தெரிந்த கலைஞன் உண்டு. இந்தச் சுவருக்கு இல்லை. ஒரு குழியின் ஓரத்தில் சுண்ணாம்புச் சாந்தின் மிச்சம் ஒட்டியிருந்தது. விரலால் தொட வேண்டும் போலிருந்தது. தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வெளியே வந்தபோது என் திருப்தி கலைந்திருந்தது. இந்தச் சுவரை மறுபடியும் ரீப்பர் அடித்து மூடி, அதன் மேல் ஆர்தாரியைப்போல ஒருவர் செய்த கால்களைத் தொங்கவிட்டால், நான் மறுபடியும் நான்கு நிமிடம் நின்றுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். ஒரு தன்னார்வலர் எது புதியது என்பதை மறந்துபோவார்.

ஆகவே 2022 கோடையில் டிரஸ்ட் மனம் மாறியபோது, கோபப்பட வேண்டியவன் கோபப்படவில்லை. அறைகளைத் திரும்பக் கட்டப் போவதில்லை. கூட்டை அப்படியே பேணி, உள்ளே நடைபாதைகள் அமைத்து, மேலே கூரைத்தளத்துக்குப் போக வழி செய்து, வீட்டின் எலும்பைக் காட்டப் போகிறோம் என்றார்கள். அறுபது மில்லியன் பவுண்டுக்கு மேல் காப்பீட்டுத் தொகை பெற்றுவிட்டு இப்படிச் செய்வதா என்று பலர் கொதித்தார்கள். நியாயமான கொதிப்புதான். நண்பர் ஒருவர் ஆட்சேபக் கடிதம் ஒன்றை அனுப்பி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். எனக்கு எதிர்க்கருத்து இருந்ததால் மறுத்திருக்கலாம். மறுக்கவும் முடியவில்லை. அதற்குக் காரணம் அப்பார்க்.

அப்பார்க்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று நெருடியது. 1989-இல் தீ அணைந்தபோது, ஈரச் சுண்ணாம்புச் சாந்தைக் கையாலேயே உருவாக்கி விதானத்தில் சிற்பம் செய்யும் வேலை இங்கிலாந்தில் ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. அச்சில் வார்த்து ஒட்டுவதுதான் வழக்கம். அப்பார்க்குக்காக ஒரு குழு உட்கார்ந்து, சாந்தில் எத்தனை பங்கு மயிர், எத்தனை நேரத்துக்குள் இறுகும், எந்தக் கருவி என்று தப்பும் தவறுமாகச் செய்து பார்த்துத்தான் அந்தக் கைப்பழக்கத்தை மீட்டது. மரச்செதுக்கிலும் அப்படியே. 20 மில்லியன் பவுண்டுக்கு ஒரு வீடு திரும்பியது என்பது பாதிக் கணக்கு. ஒரு தொழிலும் திரும்பியது. பட்டியல் சட்டத்தில் விதானத்துக்கு இடம் உண்டு, விதானம் செய்யும் கைக்கு இடம் கிடையாது. கிளாண்டனின் சுவர் உண்மையானது என்று நான் நம்புகிறேன். ஆனால் அங்கே சாரம் கட்டி, ஒரு தலைமுறைச் சுதைக் கலைஞர்களுக்கு அண்ணாந்து நிற்கக் கற்றுக்கொடுக்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுக்கொடுத்தது சாதாரண இழப்பு இல்லை என்றும் நம்புகிறேன். பளிங்குக் கூடம் ஒன்றையாவது கட்டியிருக்க வேண்டும். மற்றவை கூடாகவே நிற்கட்டும். இந்தப் பாதி முடிவுக்கு எந்தக் கடிதத்திலும் கையெழுத்திட இடம் இல்லை.

தோட்டத்தில் இருந்தவள்

இந்த இடத்தில்தான் தோட்டத்தில் இருந்த மற்றொரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளாண்டனின் மரங்களுக்கு நடுவே தாழ்ந்த கூரையும் சிவப்பு வண்ணம் பூசிய மரச்செதுக்கும் கொண்ட மாவோரிக் கூட்ட இல்லம் ஒன்று நின்றது. பெயர் ஹினெமிஹி. நியூசிலாந்தில் ரோட்டொருவாவுக்கு அருகே தே வைரோவா என்ற ஊரில் 1880-81 வாக்கில் வேரோ தாரோய், தெனே வைதெரே என்ற இருவர் செதுக்கியது. சுற்றுலாப் பயணிகளால் ஊர் செழித்திருந்த காலம். கிளிஞ்சல் பதிக்க வேண்டிய கண்களில் தங்க நாணயம் பதித்தார்கள் என்பார்கள். 1886 ஜூன் 10 அன்று தராவெரா எரிமலை வெடித்து ஊரே புதையுண்டபோது, இந்த வீட்டுக்குள் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். நியூசிலாந்தின் ஆளுநராக இருந்த நான்காம் ஆன்ஸ்லோ ஏர்ல் (குடும்பத்தின் பிற்கால உயர் பட்டம்), ஊர் திரும்பும் ஆண்டான 1892-இல், இதன் செதுக்குகளை 50 பவுண்டுக்கு வாங்கித் தோட்டத்தில் நிறுத்திக்கொண்டார். முதல் உலகப்போர் முடிந்து தாயகம் திரும்பக் காத்திருந்த மாவோரி வீரர்கள் சிலர் இதைப் பிரித்துச் சரியாக நிறுத்திக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். மாளிகை எரிந்த அன்று ஹினெமிஹிக்கு ஒன்றும் ஆகவில்லை. எரிமலையைப் பார்த்தவள்.

‘அவள்’ என்று எழுதுவது என் மிகையல்ல. மாவோரிகளுக்கு ஹினெமிஹி முன்னோர். கூரையின் நடுச்சட்டம் முதுகெலும்பு, இறவாரத்தில் சாய்ந்து இறங்கும் பலகைகள் கைகள். இங்கிலாந்தின் சட்டத்துக்கு அவள் இரண்டாம் தரப் பட்டியலில் உள்ள கட்டடம். அதனால் ஒரு விசித்திரம்: ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் பட்டியல் கட்டடத்தை அகற்ற உள்ளூராட்சியின் சம்மதம் வேண்டும். பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2019-இல் டிரஸ்ட் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. பழைய செதுக்குகள் நியூசிலாந்து போகும். அவற்றுக்கு மாற்றாக இன்றைய மாவோரிச் சிற்பிகள் புதியவற்றைச் செதுக்கித் தருவார்கள். கிளாண்டனில் புதிய இல்லம் எழும்.

ஒரே தோட்டம், ஒரே உரிமையாளர். மரச்செதுக்குக்கு வாழும் கைகளால் புதியது செய்யலாம், அது போலியாகாது. சுதை விதானத்துக்கு அதே காரியம் செய்தால் போலி. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று நெடுநாள் யோசித்தேன். ஹினெமிஹிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். லண்டனில் வாழும் மாவோரிகள் ஆண்டுதோறும் வந்து அவள் முன்னே கூடினார்கள், பாடினார்கள், சமைத்துச் சாப்பிட்டார்கள், சுவரைக் கழுவினார்கள். அவளைப் புதிதாகச் செதுக்குபவர் நகலெடுப்பவர் இல்லை, பேரன். ஆர்தாரியின் விதானத்துக்கு அப்படி யார்? ஆன்ஸ்லோக்கள் 1956-இல் வீட்டைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஜமைக்காவில் உழைத்தவர்களின் வழிவந்தவர்களை யாரும் கேட்கவில்லை. மிச்சம் இருந்த உறவு நேஷனல் டிரஸ்ட் அட்டையோடு மழைக்கு ஒதுங்கிய நாங்கள்தான்.

நண்பரின் கடிதம் கையெழுத்தில்லாமலே இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சென்ற மாதம் பழைய கைபேசியில் தேடியபோது 2013-இன் படங்கள் அகப்பட்டன. கிளாண்டனில் எடுத்தவை பதினொன்று. அவற்றில் நான்கு தேநீர் மேசை. பளிங்குக் கூடத்தில் எடுத்தது ஒன்றே ஒன்று: நனைந்த தலைமுடியோடு என் மனைவி கணப்பின் முன் நிற்கிறாள், பின்னால் பாக்கஸுக்கு யாரோ ஆட்டுக்கிடாயை இழுத்து வருகிறார்கள், கைபேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்திருந்ததால், படத்தின் மேல் விளிம்பில், சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் வெள்ளைக் கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது.